டாக்டர் சீட் இல்லை, ரேடியோகிராஃபி சீட்: அரசு மருத்துவக் கல்லூரியில் என் நான்கு வருடம்

நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் அடுத்த பேச்சு பொறியியலா, பி.எஸ்ஸி. விலங்கியலா என்று போனது. துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனிக் கலந்தாய்வு இருக்கிறது என்று சொன்னவர் எங்கள் உயிரியல் டீச்சர். எம்.பி.பி.எஸ். சேர்க்கையைப் பார்க்கும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழுதான் அதையும் நடத்துகிறது. நான் சேர்ந்தபோது இதற்கு நீட் கேட்கவில்லை. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியலில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து ரேங்க் போட்டார்கள். நர்சிங், பி.ஃபார்ம்., பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, டயாலிசிஸ், ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே, சி.டி. போன்ற படங்களை எடுக்கும் படிப்பு) எல்லாம் அந்த ஒரே விண்ணப்பத்தில் வந்துவிடும்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான சான்று ஆகியவற்றை விண்ணப்பம் திறக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்தில் நம் அவசரத்துக்கு எதுவும் நகராது. இந்தக் கலந்தாய்வு பெரும்பாலும் மற்ற கல்லூரிகள் திறந்த பிறகுதான் வரும். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று என் தோழி ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். இங்கே சீட் கிடைத்தபோது, முழு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்று அங்கே இழுத்தடித்தார்கள். அப்படிச் சேருவதாக இருந்தால், நடுவில் விலகினால் டி.சி. எப்படிக் கிடைக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி கிடைத்தது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். தனியார் கல்லூரிகள் கேட்ட தொகையோடு பார்த்தால் எங்கள் கட்டணம் மிகக் குறைவு. அப்பாவின் வருமானத்தில் இது பெரிய விஷயம்.

சொந்தக்காரர்களுக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, "ஸ்கேன் பார்க்கப் படிக்கிறியா?" கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத்தான் சொல்கிறார்கள். அதைச் செய்வது டாக்டர்கள். கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் அந்த மெஷினை யார் தொடலாம் என்பதில் மிகக் கண்டிப்பு. எங்கள் வேலை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டாவது, அத்தை அம்மாவிடம் தனியாகச் சொன்னது: "எக்ஸ்ரே ரூம்ல வேலை பார்த்தா குழந்தை பிறக்காதாம்." பெண் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்காக இதை விவரமாகச் சொல்கிறேன். கதிர் அளவைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் ஒன்றை கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கியான லெட் ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் மாட்டிக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கெடுப்பார்கள். இந்தியாவில் இந்தத் தொழில் செய்பவர்களுக்கான வரம்பு ஓராண்டில் 30 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு), ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20. தடுப்புக்குப் பின்னால் நின்று முறையாக வேலை செய்தால் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். கருவுற்றால் உடனே துறையில் தெரிவிக்க வேண்டும், அதற்குத் தனி விதி இருக்கிறது. தூரமும் ஒரு பாதுகாப்புதான்: இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும்.

முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், கதிர் இயற்பியல். தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் புத்தகத்தின் கனம் முதல் சில மாதம் அழுத்தும். எலும்புகளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துப் படித்தவர்கள் தேறினார்கள். எழுத்து, செய்முறை இரண்டிலும் 50 சதவீதம் வேண்டும்.

உண்மையான படிப்பு எக்ஸ்ரே அறையில்தான் தொடங்கியது. நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு நோயாளியை ஏன் முதுகைக் காட்டி நிற்க வைக்கிறோம், கதிர் வரும் குழாயை ஏன் 180 செ.மீ. தள்ளி வைக்கிறோம்? இதயம் ஃபிலிமுக்குப் பக்கத்தில் இருந்து, கதிர் தூரத்தில் இருந்து வந்தால்தான் அதன் நிழல் பெரிதாகாமல் விழும். எலும்பு முறிவு என்றால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கோணம் கட்டாயம். நேராகப் பார்த்தால் தெரியாத முறிவு பக்கவாட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

எங்கள் சீனியர் டெக்னீஷியன் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னதை நான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும், கையும் களவுமாக மாட்டிக்கொள்வோம். இப்போது டிஜிட்டல். கம்ப்யூட்டர் சரிசெய்து அழகான படமாகவே காட்டிவிடும், நோயாளி வாங்கிய கூடுதல் கதிர் யார் கண்ணுக்கும் படாது. அதனால் படத்தோடு வரும், கதிர் கூடியதா குறைந்ததா என்று காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிடக் கூடாது. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு இது தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

பேசுவதும் பாதி வேலை. வயிற்று எக்ஸ்ரேவுக்கு வரும் பெண் கருவுற்றிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, அவரிடம் "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டால் உண்மையான பதில் வராது. கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறை இன்னும் கவனம் கேட்கும். தங்கத் தாலியைக் காந்தம் இழுக்காது, ஆனால் அதில் கோத்திருக்கும் ஊக்குகள் இரும்பு. எங்கள் ஊர் அம்மாக்களின் தாலியில் நாலைந்தாவது தொங்கும். கழற்றச் சொன்னதும் முகம் மாறிவிடும், சிலர் அழுதுவிடுவார்கள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, தாலியைக் கூட வந்த மகள் கையில் கொடுக்கச் சொன்னால் சம்மதிப்பார்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை, வார்டு சிஸ்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்த பிறகு அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை தனியார் ஸ்கேன் சென்டர்தான், தொடக்கச் சம்பளம் குறைவு. இதை மறைத்துவிட்டு யாரையும் இந்தப் படிப்புக்கு அழைக்க எனக்கு மனமில்லை.

கலந்தாய்வில் சாய்ஸ் நிரப்பும்போது ஊரைப் பார்த்து வரிசை போடாதீர்கள், படிப்பைப் பார்த்துப் போடுங்கள். அதற்கு முன், பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு காலை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே, டயாலிசிஸ், லேப் என்று ஒவ்வொரு துறை வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அங்கே பயிற்சியில் இருக்கும் மாணவர்களிடம் கேட்டால், டீ நேரத்தில் எல்லாம் சொல்வார்கள்.