பொன்னுக்கு வீங்கியும் தம்பியின் மூன்று மாதமும்

போன தை மாதம் என் தம்பிக்கு பொன்னுக்கு வீங்கி வந்தது. வயது 24. பெரியப்பா வீட்டுக் குழந்தையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறோம். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் இதற்கு இன்னும் ஒரே வைத்தியம்தான். ஆயா தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு, தலைமாட்டில் வேப்பிலையைச் செருகினார். வலது தாடை காது மடலையே வெளியே தள்ளிக்கொண்டு வீங்கியிருந்தது. ரசம் வேண்டாம், புளிப்பு பட்டாலே சுண்டி இழுக்குது என்று வெறும் கஞ்சியைத்தான் குடித்தான்.

ஆறாம் நாள் தாடை வற்ற ஆரம்பித்தது, எல்லோருக்கும் நிம்மதி. அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல். பாத்ரூம் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி அகட்டி வந்தான். என்னடா என்று கேட்டதற்கு ஒண்ணும் இல்லக்கா என்றான். விடிந்த பிறகு பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "அக்கா, கீழ ஒரு பக்கம் வீங்கியிருக்கு, அப்பாகிட்ட சொல்லாத."

பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் முதலில் ஸ்கேன் எடுத்து விரை முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்தார். முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்திலேயே விரை கெட்டுவிடும், அதனால் பையன்கள் யாருக்காவது அங்கே திடீரென்று வலி வந்தால் தயவுசெய்து வேப்பிலையோடு காத்திருக்காதீர்கள். தம்பிக்கு அது இல்லை, வைரஸ்தான் விரைக்கு இறங்கியிருந்தது. அதற்கென்று மருந்து கிடையாது. ஓய்வு, ஐஸ் ஒத்தடம், தாங்கிப் பிடிக்கிற மாதிரி இறுக்கமான உள்ளாடை, வலி மாத்திரை, அவ்வளவுதான்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுப்பவள். விரைக்குள் இருக்கும் செர்டோலி செல்கள் விந்து செல்களுக்கு உணவூட்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அதே செல்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் இறுகக் கோத்துக்கொண்டு ஒரு மதில் கட்டுகின்றன. அது எதற்கென்றால், நம் நோய் எதிர்ப்பு செல்கள் எது தன் வீட்டு ஆள், எது அந்நியன் என்று சிறுவயதிலேயே கற்றுக்கொண்டுவிடும், விந்து செல்லோ வயதுக்கு வந்த பிறகுதான் முதல்முறையாகத் தலைகாட்டுகிறது. மதில் இல்லையென்றால் சொந்தப் பிள்ளையையே திருடன் என்று அடித்துவிடும். மதிலுக்கு வெளியே டெஸ்டோஸ்டீரோன் சுரக்கும் லீடிக் செல்களோடு ஒட்டி உறவாடிக்கொண்டு, கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்பு செல்கள் காவல் இருக்கின்றன. மற்ற இடத்து மேக்ரோஃபேஜ்களை விட இவை சாந்தமானவை. சும்மா சும்மா சண்டைக்குப் போகாமல் மற்ற செல்களையும் அடக்கி வைக்கும் சமிக்ஞைகளைத்தான் பெரும்பாலும் அனுப்பும்.

வைரஸ் வந்ததும் இந்த அமைதி குலைகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில், செர்டோலி செல்களும் லீடிக் செல்களுமே அபாயக் குரல் கொடுத்து, அதில் வெளியாகும் டிஎன்எஃப் என்ற, அழற்சியைத் தூண்டும் பொருளால் அந்த மதிலே தளர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்திலிருந்து படை படையாகச் செல்கள் உள்ளே வரும், நீர் கோக்கும். ஆனால் விரையைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. தாடை மாதிரி தாராளமாக வீங்க அங்கே இடமில்லை, எனவே அந்த அழுத்தத்திலேயே உள்ளிருக்கும், விந்து செல்கள் உருவாகும் நுண்குழல்கள் நசுங்குகின்றன. அதாவது, வைரஸ் மட்டுமல்ல, நம்மைக் காக்க வந்த படையும் சேதம் செய்கிறது. அந்த வாரம் எதிர்ப்பு சக்தி கூடும் என்று ஆளாளுக்கு ஒரு கஷாயம் கொண்டுவந்தார்கள், அன்பில்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் அவனுக்கு அப்போது தேவைப்பட்டது அந்தச் சக்தி கூடுவதில்லை, வேலை முடிந்ததும் அடங்குவது.

அடங்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மேக்ரோஃபேஜ் செத்த செல்களை விழுங்க ஆரம்பித்ததும் அதன் குணமே மாறுகிறது. கூப்பாடு போட்டுப் படையைக் கூப்பிட்டதே இப்போது போதும் என்று சொல்லி, திசுவைப் பழுதுபார்க்கும் பொருள்களைச் சுரக்கிறது. நுண்குழலின் அடிவரிசையில் இருக்கும் மூல செல்கள் பிழைத்திருந்தால் அங்கே மறுபடி விந்து செல்கள் உருவாகத் தொடங்கும். ஒரு விந்து செல் உருவாகி முடிய 74 நாள் போல ஆகும், அதனால்தான் டாக்டர் உடனே டெஸ்ட் வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாங்க என்றார்.

அந்த மூன்று மாதமும் தம்பி சரியாகப் பேசவே இல்லை. இனி இவனுக்குக் குழந்தை பிறக்காது என்று சொந்தத்தில் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. வயதுக்கு வந்த ஆண்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீங்கலாம், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். பிறகு அந்த விரை கொஞ்சம் சுருங்கிப்போவதும் உண்டு. முழு மலட்டுத்தன்மை அபூர்வம். இதை அவனிடம் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

சித்திரையில் ரிசல்ட் வந்தது. ஒரு பக்கம் லேசாகச் சிறுத்திருக்கிறது, விந்து செல் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே அந்தத் தாளை மூன்று முறை படித்தான்.

அப்புறம் ஒரு விஷயம். அரசு அட்டவணையில் போடும் எம்ஆர் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அதற்கு எம்எம்ஆர் போட வேண்டும், தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் பையனின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். எம்ஆர் மட்டும்தான் போட்டிருந்தது. அந்த சனிக்கிழமையே கூட்டிப்போனேன், தம்பியும் கூட வந்தான்.