சிவப்புத் தரை, நீல ஓனிங், நடுவில் ஒரு கிரீம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி). மாடி இல்லாத, 20 அடி அகல வரிசை வீடு. ஹாலில் பழைய சிவப்பு சிமெண்டுத் தரை, வார்னிஷ் அடித்த மெரந்திக் கதவுகள். கார் நிற்கும் இடத்துக்கு மேலே நீலப் பாலிகார்பனேட் ஓனிங், வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. கூரையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் (கெல்வின் எண் கூடினால் வெளிச்சம் நீலத்தை நோக்கிப் போகும், குறைந்தால் மஞ்சளை நோக்கி). ஹால் சுவருக்குப் புதிதாகக் கிரீம் சாயம் அடிக்க வேண்டும். தரையும் கதவும் ஓனிங்கும் மாறப்போவதில்லை. ஆகவே சுவர்தான் அவற்றுக்கு இணங்கிப் போக வேண்டும்.

சாயக் கடை நிற அட்டையில் உள்ள அழகான பெயர்களை நம்பி நிறம் எடுப்பதில் பயனில்லை. இந்த வகை இளநிறங்கள் பெரும்பாலும் வெள்ளை பேஸில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, துளிக் கறுப்பு விட்டுக் கலப்பவை. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பாசிப்பச்சைச் சாயல் வரும், அதை அடக்குவது சிவப்பு. சிவப்பு குறைந்த கலவை கடை வெளிச்சத்தில் நல்ல கிரீமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து, செம்பனையும் புல்லும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விழுந்ததும் பச்சை மேலே வந்துவிடும். ‘கிரீம் கேட்டேன், பச்சை அடிக்குதே’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதனால் பெயரை விட்டு என்.சி.எஸ். (நிறங்களை எண்ணால் குறிக்கும் முறை) எண்ணில் மாதிரிப் பலகைகள் போட்டோம். எஸ் 1005-ஒய்30ஆர் என்றால் கருமை 10 விழுக்காடு, நிறச்செறிவு 5 விழுக்காடு, 30 பங்கு சிவப்பை நோக்கிச் சாய்ந்த மஞ்சள். கருமையையும் செறிவையும் அப்படியே வைத்து, கடைசி எண்ணை மட்டும் 10, 30, 50 என்று மாற்றினால் எந்தச் சாயல் பொருந்துகிறது என்பது தனியாகத் தெரியும். மூன்று பெயர்களில் மூன்று கிரீம் வாங்கினால் எல்லாமே ஒரே நேரத்தில் மாறியிருக்கும், எதையும் ஒப்பிட முடியாது.

பலகை 2 அடிக்கு 2 அடி பிளைவுட். முதலில் வெள்ளை அண்டர்கோட், மேலே இரண்டு கோட், விளிம்பில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட வேண்டும். பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றாமல் இருக்க அந்த வெள்ளை ஓரம் தேவை. நன்றாகக் காய்ந்த பிறகுதான் முடிவு, எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்ததும் கறுக்கும். பலகையைப் படுக்கவைத்துப் பார்க்கக் கூடாது. சுவரோடு நிறுத்தி, தரையை ஒட்டி ஒரு முறை, கண்மட்டத்தில் ஒரு முறை, காலை, நடுப்பகல், மாலை, இரவு டியூப் வெளிச்சம் என எல்லா நேரமும் பார்க்க வேண்டும்.

பார்த்ததில்: ஒய்10ஆர், நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கியது) பக்கம் ஓனிங்கின் நீலம் பட்டுப் பச்சையடித்தது. ஒய்50ஆர் அதே இடத்தில் அருமையாக இருந்தது. ஆனால் தரைக்கு அருகே இரண்டு அடி உயரம் வரை சிவப்பு எதிரொளித்து, ரோஸ் பவுடர் அப்பியதுபோல் ஆனது. ஒய்30ஆர் இரண்டு இடத்திலும் தாங்கியது. இதே நிறச்சாயலில் ஒரு படி கறுத்த எஸ் 2005-ஐயும் வைத்தோம். முன்பக்கம் நன்றாக இருந்தாலும் ஹாலின் நடுவே, ஜன்னல் வெளிச்சம் எட்டாத இடத்தில், அழுக்குச் சுவர் மாதிரிதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் உள்ள வரிசை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஒளியில் 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும் நிறம் வேண்டும். அட்டையில் எல்.ஆர்.வி. என்று போட்டிருப்பது இதுதான்.

வடக்குப் பார்த்த அறைக்கு இது, தெற்குப் பார்த்ததற்கு அது என்று வெளிநாட்டு ஆலோசனைகளில் வரும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே. நடு ஆண்டில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், ஆண்டு இறுதியில் தெற்கே. கிழக்கா மேற்கா, மேலே என்ன ஓனிங் என்பதுதான் இங்கே கேள்வி.

இரவில் 6500 டியூப் மூன்று பலகையையும் சாம்பலாக்கியது. 3000-இல் மூன்றும் மஞ்சள், வித்தியாசமே தெரியவில்லை. 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90 உள்ள 4 அடி எல்.ஈ.டி. டியூப் போட்டதும் ஒய்30ஆர் பகலில் இருந்தது போலவே நின்றது. சாயம் வாங்கும் முன் டியூப்பை மாற்றிவிடுங்கள். பழைய சோக் உள்ள பிட்டிங் என்றால் வயர்மேன் பார்க்கட்டும்.

சீலிங்குக்குப் பளீர் வெள்ளை வேண்டாம். அது பக்கத்தில் இருந்தால் சுவர் பழுப்பேறியது போல் தோன்றும். சுவரின் பார்முலாவையே பாதி அளவில் கலக்கச் சொன்னால் போதும், சேர்ந்துகொள்ளும். நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று எதிரொளித்து நிறம் கூடும் என்பதால், இரண்டு நிறத்துக்கு நடுவே மனம் ஊசலாடினால் வெளிறியதையே எடுங்கள்.

அளவு: 6 மீட்டருக்கு 4 மீட்டர் ஹால், உயரம் 3 மீட்டர். சுவர் 60 சதுர மீட்டர், கதவு ஜன்னல் போக 50. இரண்டு கோட்டுக்கு 100. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் 10 லிட்டர், அதாவது இரண்டு 5 லிட்டர் டின். இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லி, பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கிளறிய பிறகே அடிக்க வேண்டும். டின்னுக்கு டின் சிறு வேறுபாடு இருந்தால் சுவரின் நடுவில் கோடு விழும்.

சுவரைக் கையால் தடவி வெள்ளைப் பொடி ஒட்டினால் சுரண்டிக் கழுவிச் சீலர் (பொடியைப் பிடித்து நிறுத்தும் அடிப்பூச்சு) அடிக்காமல் மேலே போகாதீர்கள், உரிந்துவிடும். பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர், கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கக் கூடாது.

தீபாவளிக்கு முந்திய வாரம் சாயம் அடிக்கும் வழக்கத்தை நம் ஊரில் யாராலும் மாற்ற முடியாது. அந்த மாதங்களில் மாலை மழை உறுதி. காலையிலேயே தொடங்குங்கள். டின்னில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும், மழை நாளில் இரண்டாவது கோட்டுக்கு நான்கு மணி நேரம் விடுங்கள். சாயத்தில் கலக்கும் தண்ணீர் 10 விழுக்காட்டைத் தாண்டினால் மூன்றாவது கோட் கேட்கும்.

சாமி மேடைச் சுவருக்கு மட்டும் அதே நிறத்தில், துடைக்கக்கூடிய மெல்லிய பளபளப்பு வகை. விளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் மேட் சுவரில் ஏறினால் துடைக்கத் துடைக்கத் திட்டாகும்.

அடுத்தது சமையலறை. அங்கே ரோஸ் சாயலுள்ள பழைய டைல்ஸ். பக்கத்தில் மஞ்சள் கிரீம் வைத்தால் டைல்ஸ் அழுக்காகத் தெரிகிறது. ஹாலில் தோற்ற ஒய்50ஆர் பலகை இப்போது அங்கேதான் சாய்ந்து நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் பொருந்துகிறது. இரவில் புது டியூப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு.