குடித்து அறியும் வினைச்சொல்

ஆங்கிலத்தில் புரிதலைக் குறிக்கும் வினைச்சொற்கள் பலவும் கையிலிருந்தோ கண்ணிலிருந்தோ பிறந்தவை. ‘கிராஸ்ப்’ என்றால் இறுகப் பற்றுவது. ‘காம்ப்ரிஹெண்ட்’ என்ற சொல்லின் லத்தீன் வேரும் பற்றிப் பிடிப்பதையே சொல்கிறது. ‘ஐ ஸீ’ என்பவர் பார்த்ததையே புரிந்ததாகக் கொள்கிறார். பிடித்த பொருளும் பார்த்த பொருளும் நமக்கு வெளியில்தான் இருக்கின்றன. பிடியைத் தளர்த்தினால் போய்விடும், கண்ணை மூடினால் மறைந்துவிடும். 1961-இல் இந்த வரிசையில் வந்து சேர்ந்த ‘க்ரோக்’ மட்டும் வாயிலிருந்து பிறந்தது. ‘குடி’ என்பதே அதன் நேர்ப்பொருள். மென்பொருள் துறையில் இருப்பதால் இச்சொல்லை அடிக்கடி கேட்கிறேன். ‘புரிந்தது’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போட்டு நிரப்புகிறவர்களையும் பார்க்கிறேன். இவ்வளவு மலிவாகச் செலவழிக்கத் தக்க சொல் அல்ல அது என்பது என் எண்ணம்.

அதை உருவாக்கியவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன். விலங்குகளிடையே வளர்ந்த மௌக்லியைப் போல, வேற்றுக்கிரகவாசிகளிடையே வளர்ந்த ஒரு மனிதக் குழந்தையைப் பற்றி எழுதலாமே என்று அவருடைய மனைவி வர்ஜீனியா 1948-இல் சொன்ன யோசனையே ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ நாவலுக்கு விதை. அது நூலாக வெளிவர 1961 ஆயிற்று. அடுத்த ஆண்டு ஹ்யூகோ விருதும் பெற்றது. அதன் நாயகன் வாலண்டைன் மைக்கேல் ஸ்மித், பிறப்பால் மனிதன், வளர்ப்பால் செவ்வாய்க்கிரகவாசி. பூமிக்குக் கொண்டுவரப்பட்ட அவன் ஆங்கிலம் கற்றபோதும், தன் மொழியின் இந்தச் சொல்லை அவனால் ஆங்கிலமாக்க முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதை எந்த மூலமும் இல்லாமல் தன்னிச்சையாகப் புனையப்பட்ட சொல் என்றே பதிவு செய்திருக்கிறது. லத்தீனோ கிரேக்கமோ பழைய ஜெர்மானியமோ இதற்கு முன்னோராக இல்லை. ஒரு மனிதரின் மேசையில் பிறந்த சொல் அகராதிக்குள் நுழைவது அரிதுதான்.

குடிப்பதற்கும் அறிவதற்கும் அங்கே என்ன உறவு? நாவலின் செவ்வாய் தண்ணீருக்கு ஏங்கும் வறண்ட கிரகம். அங்கே ஒருவரோடு தண்ணீரைப் பகிர்வது உயிரையே பகிர்வதற்கு ஒப்பானது. பகிர்ந்தவர்கள் இரத்த உறவைவிட நெருங்கிய உறவினர் ஆகிவிடுகிறார்கள். பூமியின் மருத்துவமனையில் ஜில் என்ற செவிலி எந்தப் பொருளும் கருதாமல் ஸ்மித்தோடு ஒரு கோப்பைத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்கிறாள். அவளுக்கு அது சாதாரணச் செயல். அவனுக்கோ அந்தக் கணத்திலிருந்து அவள், தன் உயிரையே ஒப்படைத்து நம்பத்தக்கவள். குடித்த நீர் குடித்தவரின் உடலாகிவிடுகிறது. அதற்குப் பின் நீர் எது, உடல் எது என்று பிரிக்க முடியாது. செவ்வாய் மொழியில் அறிதலும் அப்படிப்பட்டதே.

நாவலில் மஹ்மூத் என்ற மொழியறிஞர் இச்சொல்லை விளக்கும் பகுதியே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நோக்குபவர் நோக்கப்படும் பொருளின் பகுதியாகவே ஆகிவிடும் அளவுக்குப் புரிந்துகொள்வது என்று அவர் தொடங்குகிறார். மதம், தத்துவம், அறிவியல் என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கும் அனைத்தையும் அது ஏறக்குறைய தன்னுள் அடக்கியது என்கிறார். அன்பு மட்டுமல்லாமல் அச்சமும் வெறுப்பும்கூட அச்சொல்லின் பொருளில் அடங்கும் என்று அவர் சொல்லும்போதுதான் ஹைன்லைன் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பது தெரிகிறது. ஒன்றை முழுமையாக உள்வாங்கி, அதுவும் தானும் ஒன்றென ஆன பின்னரே ஒருவர் அதை உண்மையாக வெறுக்க முடியும்; அப்போது அந்த வெறுப்பு தன்னையே வெறுப்பதாகவும் இருக்கும். புரிதல் என்பது இணக்கமான, இனிமையான நிலை என்று எண்ணிப் பழகிய வாசகர் இந்த இடத்தில் நின்று யோசிக்காமல் நகர முடியாது.

‘கரைத்துக் குடித்தவர்’ என்ற நம் வழக்கு தமிழ் வாசகருக்கு இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. உருவகம் ஒன்றேதான். ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் நூல்களில் தேர்ச்சி பெற்றவரைப் பற்றியே சொல்கிறோம். குடித்தவர் அதனால் வேறொருவராக மாறினாரா என்று அந்த வழக்கு கேட்பதில்லை. க்ரோக் கேட்பது அதைத்தான்.

நாவல் வெளிவந்து சில ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்களின் எதிர்ப்பண்பாட்டு வட்டங்களில் இச்சொல் பரவியது. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், அதன் பாத்திரமான ஸ்பாக்கைக் குறித்து ‘ஐ க்ரோக் ஸ்பாக்’ என்ற பொத்தான் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அந்த அலை ஓய்ந்தும் சொல் மறையாமல் இருந்ததற்குக் கணினி நிரலாளர்களே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கப்பட்ட ‘ஜார்கன் ஃபைல்’ என்ற ஹேக்கர் சொற்றொகுப்பு க்ரோக்குக்குத் தரும் எடுத்துக்காட்டு லிஸ்ப் நிரல்மொழி. லிஸ்ப் தெரியும் என்றால் தேவைப்பட்டால் அதில் நிரல் எழுத முடியும் என்று மட்டுமே பொருள். லிஸ்ப்பை க்ரோக் செய்தேன் என்றால் அந்த மொழியின் உலகப்பார்வைக்குள் நுழைந்து, நிரலாக்கத்தைப் பற்றிய தன் பார்வையையே மாற்றிக்கொண்டதாகப் பொருள்.

எடுத்துக்காட்டாக லிஸ்ப்பைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். அதில் ஒன்றையும் இரண்டையும் கூட்ட (+ 1 2) என்று எழுத வேண்டும். புதிதாகக் கற்பவர் இதை வினோதமான இலக்கணம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வேலையைத் தொடர்ந்துவிடலாம். அந்த அடைப்புக்குள் இருப்பது ஒரு பட்டியல், நிரல் முழுவதுமே பட்டியல்களால் ஆனது, ஆகவே தரவைப் போல நிரலையும் இன்னொரு நிரலால் எழுதவும் திருத்தவும் முடியும் என்பது ஒரு நாள் உறைக்கும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்த அடைப்புக்குறிகள் வேறாகிவிடுகின்றன. அதன் பிறகு வேறு எந்த மொழியில் எழுதினாலும் அவர் பழைய நிரலாளர் அல்லர்.

இதோடு ஒப்பிட்டால் பிற்காலப் பயன்பாடுகள் நீர்த்துப்போனவை. லாக்ஸ்டாஷ் மென்பொருளில் பதிவுக்கோப்பு வரிகளை வார்ப்புருக்களோடு பொருத்திப் பிரிக்கும் வடிகட்டிக்குக் க்ரோக் என்று பெயர். 2023 நவம்பரில் எக்ஸ்ஏஐ நிறுவனம் தன் உரையாடல் மென்பொருளுக்கும் இதே பெயரைச் சூட்டியது. இன்று பலருக்கு இச்சொல் அந்தப் பெயராக மட்டுமே அறிமுகமாகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் 2022-இல் ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இச்சொல்லை அதன் பிறப்பிடத்துக்கு அருகில் கொண்டுபோயிருக்கிறது. எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்களான நரம்பு வலையமைப்புகளில் சிறியவற்றுக்கு அவர்கள் கடிகாரக் கணக்குகளைக் கற்பித்தார்கள். கடிகாரத்தில் 9 மணியோடு 5 மணி நேரம் கூட்டினால் 2 மணி வருவதுபோல, 97 எண்கள் கொண்ட ஒரு வட்டத்தில் செய்யும் கணக்குகள் அவை. அவர்கள் காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், வலையமைப்பு ஆயிரம் பயிற்சிப் படிகளுக்குள் கொடுத்த கணக்குகள் அனைத்துக்கும் சரியான விடை சொல்லிவிட்டது. காட்டாத கணக்குகளைக் கேட்டால் தடுமாறியது, அதாவது உருப்போட்டிருந்தது. பொதுவாக இந்த இடத்தில் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் ஏறக்குறைய பத்து லட்சம் படிகள் வரை தொடர்ந்தபோது காணாத கணக்குகளையும் அது பிழையின்றிச் செய்தது. இந்நிகழ்வுக்கு அவர்கள் ‘க்ரோக்கிங்’ என்று பெயரிட்டார்கள். நாவலில் ஸ்மித், ஒன்று இன்னும் முழுமையாகப் பிடிபடாதபோது, காத்திருத்தல் இருக்கிறது என்று சொல்லி அமைதியாகக் காத்திருப்பான். விடைகள் எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் காத்திருக்க வேண்டியிருந்த இந்தச் சோதனைக்கு அந்தப் பெயர் வெகுவாகப் பொருந்துகிறது.

அடுத்த ஆண்டு நீல் நந்தாவும் உடன் ஆய்வாளர்களும் 113 எண்களின் வட்டத்தில் கூட்டலைக் கற்ற ஒரு வலையமைப்பைப் பிரித்து உள்ளே பார்த்தார்கள். எண்களை வட்டத்தின் மீதான சுழற்சிகளாக மாற்றி, சைன், கொசைன் சமன்பாடுகளின் வழியாக அது கூட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு அந்த வழியைச் சொல்லித் தரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திடீர் ஞானமாகத் தெரிந்த மாற்றம் உள்ளே திடீரென்று நிகழவில்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள். முதலில் மனப்பாடம் நடக்கிறது. பிறகு மதிப்பெண்ணில் எந்த அடையாளமும் தெரியாமல் சுழற்சி முறை மெல்ல உருவாகிறது. கடைசியில் மனப்பாடம் செய்தவை களையப்படும்போதுதான் முன்னேற்றம் கண்ணுக்குப் புலப்படுகிறது.

மனப்பாடத்திலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்ட ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொண்டது நியாயமே என்று கருதுகிறேன். அந்த வலையமைப்பு வட்டத்தைப் பற்றிய ஒரு தகவலைச் சேமித்து வைக்கவில்லை. அதன் எடைகளே, அதாவது பயிற்சியின்போது மாறிக்கொண்டே வரும் அதன் உள் எண்களே, வட்டத்தின் கணிதமாக மாறியிருந்தன. மஹ்மூத் முதலில் சொன்ன பாதிப் பொருளுக்கு அது போதும். அச்சத்தையும் அன்பையும் வெறுப்பையும் சேர்த்து அவர் சொன்ன மறுபாதிக்கு 113 எண்களின் கூட்டலில் இடமில்லை.