மில்லிங் மெஷினுக்கு நானே செய்த வொர்க் ஸ்டாப்

வைஸின் (ஜாப்பை, அதாவது வெட்டப்போகும் துண்டை, இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியின்) நகராத ஜா (தாடை), ஜாப்பின் ஒய் இடத்தை, அதாவது முன்பின் இடத்தைத் தானாகவே நிலைநிறுத்திவிடும். அடியில் வைக்கும் பேரலல்கள் (ஒரே உயரமுள்ள பட்டைகள்) உயரத்தைப் பார்த்துக்கொள்ளும். எக்ஸ் பக்கத்துக்குத்தான், அதாவது இடம் வலமாக, முட்டி நிற்க ஆதாரம் எதுவும் இல்லை. ஒரே அளவுத் தகடுகளில் ஒரே இடத்தில் துளை போடும் வேலை எங்கள் பட்டறைக்குத் தொடர்ந்து வர, ஒவ்வொரு தகட்டுக்கும் எட்ஜ் ஃபைண்டர் (விளிம்பைக் கண்டறியும் கருவி) வைத்துப் பூஜ்ஜியம் எடுப்பதை நிறுத்தியாக வேண்டும் என்று, தகட்டின் முனை வந்து முட்டி நிற்க இந்த ஸ்டாப்பைச் செய்தேன்.

வைஸின் பக்கவாட்டில் துளையிட்டு மாட்டுவது எளிது. ஆனால் நல்ல வைஸில் டிரில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே டேபிளின் டி-ஸ்லாட்டிலேயே (டி வடிவப் பள்ளத்திலேயே) நிற்கும்படி அமைத்தேன்: பள்ளத்தில் ஒரு டி-நட், அதன் மேல் ஒரு தூண், தூணில் ஒரு பிளாக், பிளாக்கில் ஜாப்பைத் தொடும் கம்பி. டி-நட்டை எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) துண்டில் மில் செய்து, அதன் மேல்முகம் டேபிள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு விட்டேன். இல்லாவிட்டால் தூண் டேபிளில் அமராமல் நட்டின் மேல்தான் அமரும். 10.2 மி.மீ. டிரில் போட்டு எம்12 (12 மி.மீ.) மரை அடித்த பிறகு, அடிப்பக்கத்துக் கடைசி மரையைப் பஞ்சால் தட்டி நெளித்துவிட்டேன். தூணையும் நட்டையும் இணைக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) நட்டைத் தாண்டி இறங்கி ஸ்லாட்டின் தரையில் முட்டினால், இறுக்க இறுக்க நட் மேலே ஏறி ஸ்லாட்டின் உதட்டையே பெயர்த்துவிடும். டேபிள் வார்ப்பிரும்பு, உடைந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

தூணுக்கு 25 மி.மீ. பிரைட் பார் (மெருகான எஃகு உருளைக்கம்பி). லேத்தில் அடிமுகத்தைச் சீவும்போது நடுவில் சற்றுக் குழித்துவிட்டதால், வெளிவிளிம்பு மட்டும் டேபிளில் படிந்து, தூண் ஆடாமல் நிற்கிறது. 22 ஸ்பானர் பிடிக்க இரு பக்கமும் தட்டை எடுத்தேன்.

தூணையும் கம்பியையும் இணைக்கும் பிளாக்கில்தான் கவனம் அதிகம் தேவைப்பட்டது. தூணுக்கான துளையை போரிங் ஹெட்டில் (துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) 25-க்குக் கொண்டுவந்தேன்; கம்பிக்கு 11.8 டிரில் ஓட்டி 12 ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட்டேன். இறுக்கும் எம்8 ஆலன் போல்ட்டுகளுக்கு முதலில் 6.8 டிரிலை முழுவதும் ஓட்டி, ஒரு பாதியை மட்டும் 9-க்கு விரித்து, மறுபாதியில் மரை அடித்தேன். இவை எல்லாம் முடிந்த பிறகே ஸ்லிட்டிங் சாவால் (மெல்லிய வட்ட ரம்பத்தால்), போல்ட் இறுக்கும்போது துளை நெருங்கிப் பிடிக்கும்படி, பிளவு வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் டிரில் பிளவுக்குள் இழுத்துக்கொண்டு சாய்ந்துவிடும், ரீமரும் வட்டமாகச் சீவாது.

கம்பி 12 மி.மீ. சில்வர் ஸ்டீல் (காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் எஃகு). பத்து மி.மீ. கம்பியே போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், இந்த 2 மி.மீ. வித்தியாசத்திலேயே வளைவு பாதியாகிறது. வெளியே நீளும் நீளத்தை இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும் என்பதால் கம்பியை இயன்றவரை குட்டையாகவே பிடிக்கிறேன். நுனியை உருண்டையாகக் கடைந்து, செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பின்பு வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடாக்கி ஆறவிட்டேன். தட்டையான நுனி என்றால் ஒரு சிப் (உலோகச் சீவல்) இடையில் சிக்கினாலே அளவு கெட்டுவிடும்; உருண்டை நுனி ஒரே புள்ளியில் தொடுவதால், ரம்பத்தில் அறுத்த கோணல் முனைகூட ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறது.

சரிபார்க்க, 0.01 மி.மீ. வரை காட்டும் டயல் கேஜின் தொடுமுனையை நுனியின் பின்புறம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்தத்துக்கு ஊசி லேசாக நகர்ந்து, விரலை எடுத்ததும் பழைய கோட்டுக்கே திரும்பியது. வீட்டில் செய்த பொருளுக்கு அதற்கு மேல் கேட்பது பேராசை. ஊசி திரும்பாமல் நின்றால் ஏதோ ஒரு இணைப்பு வழுக்குகிறது என்று பொருள்.

வேலையில் கம்பியை நகராத ஜாவுக்கு ஒட்டியும், பேரலலுக்குச் சற்று மேலும் வைக்கிறேன். நகரும் ஜா இறுகும்போது ஜாப்பைக் கொஞ்சம் தூக்கும் என்பதால் அந்தப் பக்கத்தை நம்புவதில்லை. தகட்டின் முனைப் பிசிறை முதலில் அரத்தால் நீக்கி, ஜாப்பை விரலால் மெல்லத் தள்ளி ஸ்டாப்பைத் தொடவைத்து, பிறகு வைஸை இறுக்குகிறேன். நைலான் சுத்தியலால் தட்டுவது மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே; ஸ்டாப்பை நோக்கித் தட்டுவதில்லை. வெட்டும் விசையை இந்தக் கம்பி தாங்காது, அதைத் தாங்க வேண்டியது வைஸ். எண்ட் மில்லால் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டரால்) முனை ஓரத்தைச் சீவும் வேலையாக இருந்தால், கம்பி நுனி கட்டரின் பாதைக்குக் கீழே இருக்கிறதா என்று ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்த பின்பே மோட்டாரைப் போடுகிறேன்.