கவிழ மறுக்கும் பொருள்கள்

வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கும் எனக்கு, வகுப்புக்காகச் செய்யும் பணிகளைக் காட்டிலும், மதிப்பெண் கணக்கில் சேராமல் விடுதி அறையில் பொழுதுபோக்காகச் செய்துபார்க்கும் சிறு பொருள்களே அதிகம் கற்றுத்தருகின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அனைத்தும் எடையையும் சமநிலையையும் சுற்றியே வந்திருப்பது புலப்படுகிறது. இந்தப் பித்தைத் தொடங்கிவைத்தது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை.

அந்தப் பொம்மை சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்கு அடியிலுள்ள கனமே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம்தான். அடிப்பகுதி ஒரு கோளத்தின் துண்டாக இருக்க வேண்டும். முழுப் பொம்மையின் எடைமையமும், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியும், அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே அமைய வேண்டும். அப்போதுதான் பொம்மை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எடைமையம் சற்றே மேலேறும். ஏறியது மீண்டும் இறங்க முயல்வதால் பொம்மை நிமிர்ந்துவிடுகிறது. அடியில் களிமண்ணும் மேலே காகிதக் கூழும் இருப்பதன் பொருத்தம் இதுவே. இரு மையங்களுக்கும் இடையிலான தூரம் குறையக் குறைய ஆட்டம் நிதானமாகிறது என்பதைச் செய்துபார்த்த பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

இந்த விதியை வைத்து நான் செய்தது ஒரு பேனா தாங்கி. தேங்காயின் கண் இல்லாத பாதிச் சிரட்டையில் இரும்பு நட்டுகளைப் போட்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி இறுகவிட்டு, அதன்மேல் மெல்லிய அட்டைக் குழாயை ஒட்டினேன். நாலைந்து பேனாக்கள் வரை அது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். மேலும் செருகச் செருக எடைமையம் உயர்ந்துகொண்டே போய், கோள மையத்தைத் தாண்டியதும் தாங்கி அப்படியே படுத்துவிடும். அடியில் இன்னும் கொஞ்சம் கனம் சேர்க்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள், நான் சேர்க்கப்போவதில்லை. எழுதாத பேனாக்களையெல்லாம் சேர்த்துவைக்கும் என்னைப் போன்றோருக்கு இதைவிட மரியாதையான மறுப்பு கிடைக்காது.

வடிவமைப்பு மாணவர் எவரும் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையரைக் கடக்காமல் போக முடியாது. 1958இல் அவர்கள் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானதும் பாடமாகவே வருகின்றன. அந்த அறிக்கையில் லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் செம்பை, அவர்கள் வியந்து எழுதிய பகுதியை மேற்கோள் காட்டாத மாணவரைக் காண்பது அரிது. எனக்கோ அவர்கள் 1969இல் எடுத்த, பம்பரங்களைப் பற்றிய ஏழு நிமிடப் படமே நெருக்கமானது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 123 பம்பரங்கள் அதில் சுழல்கின்றன. விளக்கவுரை கிடையாது, சாட்டையைச் சுற்றுவது, விடுவது, சுழல்வது, தள்ளாடி விழுவது, அவ்வளவுதான்.

அதைப் பார்த்த வேகத்தில், வட்ட அட்டையின் நடுவே ஆணிக்குப் பதிலாகப் பேனா ரீஃபிலைச் செருகி, விரலால் சுண்டி விடும் பம்பரங்களைச் செய்தேன். தாளின்மேல் விட்டால் ஒவ்வொன்றும் தான் சுழன்ற வரலாற்றைத் தானே வரைந்துவைக்கிறது. அட்டை தாழ்வாக இருந்தால் நெருக்கமான சிறு சுழிகள் விழுகின்றன. மேலே ஏற்றினால் பம்பரம் விரைவிலேயே தள்ளாடத் தொடங்கி, அகன்ற சுழிகளைப் போட்டுவிட்டுச் சாய்கிறது. நல்ல தாள்களை எடுத்து நோட்டுப் புத்தகங்களுக்கு மேலட்டையாக ஒட்டியிருக்கிறேன்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் தொங்கும் சிற்பங்களும் இதே ஆர்வத்தால் என்னை இழுத்தவை. அகமதாபாத்தின் தொழிலதிபர் குடும்பமான சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் 1955இல் அங்கு வந்து தங்கிய அவர், அங்கேயே சிற்பங்களைச் செய்தார். அத்தகைய சிற்பத்தைக் கீழிருந்து மேலாகவே கட்ட வேண்டும்: கடைசிக் கம்பியின் சமநிலைப் புள்ளியை முதலில் கண்டு, அதில் நூலைக் கட்டி, அந்த மொத்தத்தையும் அடுத்த கம்பியின் ஒரு முனைக்கு எடையாக ஏற்ற வேண்டும். கரண்டிகளையும் தேநீர் வடிகட்டியையும் கொண்டு நான் கட்டிய ஒன்று மின்விசிறியின் காற்றில் சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம், இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி 1930களில் அட்டையையும் நூலையும் கொண்டு செய்த தொங்கும் பொருள்களுக்கு 'பயனற்ற எந்திரங்கள்' என்றே பெயரிட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கையில் இருப்பது மேசை விளக்கு. தஞ்சாவூரின் இன்னொரு வகைப் பொம்மையில் பாவாடை, உடல், தலை ஆகியவை தனித்தனித் துண்டுகளாகக் கம்பி முனைகளின்மேல் அமர்ந்து ஆடுகின்றன. அதே அமைப்பில் விளக்கின் தலையும் தொட்டால் ஆடி அடங்க வேண்டும் என்பது ஆசை. மின்கம்பி மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அது விறைப்பாக இருந்தால் தலை ஆடுவதில்லை. ஆகவே மெல்லிய மின்கம்பிகளைத் தளர்வான சுருளாக்கி, தலை அமர்ந்திருக்கும் முனைக்கு மிக அருகில் மேலேற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.