இரண்டில் தட்டு, ஹனி

டென்னசியில் கிங்ஸ்போர்ட்டுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகியும், எனக்குப் பழக்கமான ஒரே ஆள் எதிர்வீட்டுப் பாட்டிதான். என் பெயர் அவர் வாயில் நுழையாது, 'ஹனி' என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசுவதும் எனக்குப் பாதிதான் புரியும். இந்த மலைப்பக்கத்து ஆங்கிலம் சொற்களை ஜவ்வாக இழுக்கும். ஒரு சனிக்கிழமை மாலை, "பாட்டுக் கேட்க வர்றியா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏற்றிக்கொண்டார்.

எல்லை தாண்டி வர்ஜீனியாவில், கிளிஞ்ச் மலையடிவாரத்தில் ஹில்டன்ஸ் என்று ஒரு சிற்றூர். 1927இல் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு அருகிலுள்ள பிரிஸ்டல் நகருக்கு வந்தபோது, அங்கே போய்ப் பாடிக் கொடுத்த ஏ.பி. கார்ட்டர், சாரா, மேபெல் என்ற ஒரே குடும்பத்துப் பாடகர்கள் மூவரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். அந்தக் குடும்பத்தார் அங்கே 1970களிலிருந்து சனிக்கிழமைக் கச்சேரி நடத்துகிற மரக்கொட்டகைக்குத்தான் போனோம். உள்ளே மது கிடையாது, மின்சாரக் கிட்டாரும் கிடையாது.

அன்றைக்குப் புளூகிராஸ் என்கிற மலைப்பக்கத்து இசை. மேடையில் ஐந்து பேர்: கிட்டார், மாண்டலின், பிடில், பாஞ்சோ, ஆளுயர பேஸ். டிரம்ஸ் இல்லை. எல்லோருக்கும் ஒரே மைக். யார் முறையோ அவர் முன்னே வர, மற்றவர்கள் விலகி வழிவிடுகிறார்கள். கல்யாணச் சமையற்கட்டில் கொதிக்கும் அண்டாவோடு நடமாடுகிறவர்களைப்போல ஒருவரும் ஒருவர்மேல் இடித்துக்கொள்ளவில்லை.

என் கண் பாஞ்சோவை விட்டு நகரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து வளர்ந்தது அது. அதன் ஐந்தாவது கம்பி மட்டும் குட்டை. கழுத்தின் பாதி வழியிலேயே பக்கவாட்டில் ஒரு பிரடையில், அதாவது கம்பியை முறுக்கும் முளையில், முடிந்துவிடுகிறது. பாட்டு எங்கே போனாலும் கட்டைவிரல் அதைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. சின்ன வயதில் நான்கு வருஷம் வீணை கற்றுக்கொண்டவள் நான். நம் வீணையில் பக்கவாட்டில் ஓடும் தாளக்கம்பி இங்கே எப்படி வந்தது என்று ஒரு கணம் திகைத்தேன். சரி, உறவெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் பாஞ்சோவையும் பிடிலையும் இறக்கி வைத்துவிட்டு, நான்கு பேர் மைக்கைச் சுற்றி நெருங்கி நின்று தேவனைப் பாடினார்கள். நான்கு குரல், நான்கு உயரம். முன்வரிசைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பாட்டி முணுமுணுத்தபடி கூடவே பாடினார். வரிகள் எல்லாமே மனப்பாடம்.

அடுத்த வேகப்பாட்டுக்குக் கைதட்டல் தொடங்கியது. நானும் தட்டினேன். கொட்டகை முழுக்க ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம்! ஆதிதாளம் போட்ட கை, முதல் அடியிலேயே விழும். இவர்களுக்கோ முதல் அடியை பேஸ் பார்த்துக்கொள்கிறது. மாண்டலின் 'சக்'கென்று வெட்டும் இரண்டாவது, நான்காவது அடியில்தான் கை. பாட்டி சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து, ஓர் அடி தாமதித்து, விட்டார். "இரண்டில் தட்டு, ஹனி." நாலைந்து பாட்டு ஆயிற்று, கை பிடிபட.

போன மார்கழியில் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். தெரு பஜனையில் எல்லோரோடும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

"என்னடி, தாளம் தப்புது?"