தமிழ் தட்டச்சுக் கருவியை வைரஸ் என்று சொன்னால்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டிடிபி கடை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இலவசத் தமிழ் தட்டச்சுக் கருவி, நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத்தான் தமிழாக மாற்றுகிறது. கடவுச்சொல் திருடும் கீலாகரும் அதே வழியில்தான் விசைகளைப் பிடிக்கிறது. அதனால் ஆன்டிவைரஸ் சில சமயம் நல்ல கருவியையும் சந்தேகப்படும். எச்சரிக்கைப் பெயரில் 'ஜெனரிக்', 'ஹியூர்' என்று இருந்தால் அது பெரும்பாலும் ஊகம்.

உடனே 'அலோ' (அனுமதி) கொடுக்காதீர்கள். பென்டிரைவில் யாரோ தந்த பிரதியை அழித்துவிட்டு, உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் நிரல் இருந்தால் கோப்பில் வலது கிளிக் செய்து, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 குறியீட்டை எடுக்கலாம். வரும் 64 எழுத்துகளைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்திலும் தேடுங்கள். வாடிக்கையாளரின் ஆதார், பத்திர நகல்களை மட்டும் அங்கே ஏற்றவே கூடாது. ஏற்றிய கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் பகிரப்படும்.

அங்கே இரண்டு மூன்று ஆன்டிவைரஸ் இன்ஜின் மட்டும் வைரஸ் என்று சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் 5.33 நிரல் முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடேயே நஞ்சு கலந்து வந்தது. ஆகவே ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கு கொடுத்தால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதற்கும் கொடுப்பது பெரிய ஆபத்து.

தட்டச்சுக்கு இணையம் தேவையில்லை. விண்டோஸ் ஃபயர்வாலில் அவுட்பவுண்ட் ரூல் (வெளியே போகும் இணைப்புக்கான விதி) போட்டு அந்த நிரலைத் தடுத்துவிடலாம். அப்டேட்டை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.